இணையத்தில் விற்கப்படும் ‘சர்வதேச ஓட்டுநர் உரிமம்’: பணம் கொடுத்து வாங்கியவனின் மதிப்புரை

வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து குடியேறிய பிறகு, சொந்த நாட்டில் பெற்ற ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் வண்டி ஓட்டலாம் என்ற கேள்விக்கு என்னைப் போன்ற பலர் சட்டத்தில் விடை தேடுவதில்லை, கைப்பேசியில்தான் தேடுகிறோம். அப்படித் தேடியபோது விளம்பரமாக முதலில் வந்து நின்ற ஓர் இணையதளத்தில் ‘சர்வதேச ஓட்டுநர் உரிமம்’ என்ற பெயரில் விற்கப்படும் பொருளை வாங்கினேன். அந்தப் பொருளையும், அதை விற்றவர்களின் சேவையையும், அதை நம்பி ஓட்டினால் சட்டம் நம்மை எந்த இடத்தில் நிறுத்தும் என்பதையும் பற்றியதுதான் இந்த மதிப்புரை. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரே அச்சில் வார்த்தது போன்ற தளங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை நல்லவை என்ற எண்ணம் வந்துவிடும்.

முதலில் பொருளைப் பற்றி. விண்ணப்பிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சொந்த நாட்டு உரிமத்தின் இரு பக்கங்களையும், கடவுச்சீட்டின் முகப்புப் பக்கத்தையும், ஒரு புகைப்படத்தையும், வெள்ளைத்தாளில் இட்ட கையெழுத்தையும் பதிவேற்றச் சொன்னார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு என மூன்று கால அளவுகள் இருந்தன. பத்தாண்டுக்குத் தள்ளுபடியும் இருந்தது. நான் மூன்றாண்டைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் மின்னஞ்சலில் ஒரு நகல் வந்தது. ஒன்பது நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் அட்டையும், பல மொழிகளில் அச்சிட்ட சாம்பல் நிறச் சிறு புத்தகமும் தபாலில் வந்தன. அச்சு, தாள், கட்டு ஆகியவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. என் பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் போட்டிருந்தார்கள். அரசு அலுவலகங்களே எனக்கு அந்த மரியாதையைச் செய்ததில்லை.

ஆனால் அவர்கள் கேட்காத கேள்விகள் இரண்டு. என் மூல உரிமம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதை அதை வழங்கிய அலுவலகத்திடம் அவர்கள் சரிபார்க்கவில்லை. நான் எந்த நாட்டில், எந்தத் தேதியிலிருந்து வசிக்கிறேன் என்றும் கேட்கவில்லை. முகவரி கேட்டார்கள், அதுவும் தபால் அனுப்புவதற்காக மட்டும். ஒருவருக்கு ஒரு நாட்டில் வண்டி ஓட்டும் உரிமை இருக்கிறதா என்பதை முடிவு செய்பவை பெரும்பாலும் இந்த இரண்டு விவரங்கள்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சர்வதேச ஓட்டுநர் உரிமம் என்று ஒன்று உலகில் இல்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதே பெயரில் விற்கப்படும் ஆவணங்களைக் குறித்து நுகர்வோரை எச்சரித்திருக்கிறது. இருப்பது ‘சர்வதேச ஓட்டுநர் அனுமதி’. சொல்லில் சிறிய வேறுபாடுதான் என்றாலும் பொருளில் மிகப் பெரிய வேறுபாடு. 1926-இல் பாரிசிலும், 1949-இல் ஜெனீவாவிலும், 1968-இல் வியன்னாவிலும் நாடுகள் செய்துகொண்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைகளின் கீழ் வழங்கப்படும் இந்த அனுமதி, நம்மிடம் ஏற்கெனவே உள்ள உரிமத்தைப் பிற நாட்டுக் காவலர் படித்துப் புரிந்துகொள்வதற்கான மொழிபெயர்ப்பு, அவ்வளவே. ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது ஓராண்டுக்குச் செல்லும். வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது அதிகபட்சம் மூன்றாண்டுக்கு, அல்லது மூல உரிமம் காலாவதியாகும் வரை, இதில் எது முன்னதோ அதுவரை செல்லும். பத்தாண்டு என்ற தெரிவு எந்த உடன்படிக்கையிலும் இல்லை. தளத்தின் விலைப்பட்டியலில் அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த அனுமதியை வழங்கக்கூடியவர்கள், மூல உரிமத்தை வழங்கிய நாட்டின் உரிய அதிகாரிகளோ, அந்த அரசு முறையாக அதிகாரம் அளித்த வாகன ஓட்டுநர் சங்கங்களோ மட்டுமே. எனக்குப் புத்தகம் அனுப்பிய நிறுவனத்துக்கு எந்த அரசும் அப்படி எதையும் அளித்திருக்கவில்லை. ஆகவே என் கையில் இருந்தது அனுமதியும் அல்ல. அனுமதியின் வடிவத்தைப் பார்த்துச் செய்த, தனியார் ஒருவரின் மொழிபெயர்ப்பு.

இதோடு விஷயம் முடிந்திருந்தால், ஏமாந்த பணத்தை எண்ணி நான்கு நாள் வருந்திவிட்டு விட்டிருப்பேன். என்னை எழுத வைத்தது வேறொன்று. நான் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே உண்மையான சர்வதேச அனுமதியை முறைப்படி வாங்கி வந்திருந்தாலும், நான் இருந்த நிலையில் அது எனக்கு உதவியிருக்காது. ஏனென்றால் உடன்படிக்கைகள் காக்க நினைத்தது வந்து போகும் பயணியைத்தான். வந்து தங்கியவரை அல்ல. ஒரு நாட்டின் எல்லைக்குள் தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்ட ஓட்டுநருக்கு உடன்படிக்கையின் பலன்களை அளிக்க வேண்டிய கட்டாயம் அந்த நாட்டுக்கு இல்லை என்று ஜெனீவா உடன்படிக்கையின் முதல் பிரிவே சொல்லிவிடுகிறது. வியன்னா உடன்படிக்கையின் 41-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கமான வசிப்பிடத்தைத் தன் நாட்டுக்கு மாற்றிக்கொண்டவரின் வெளிநாட்டு உரிமத்தையும், அதன் மேல் வழங்கப்பட்ட சர்வதேச அனுமதியையும் ஏற்க மறுக்கும் சுதந்திரத்தை அந்த நாட்டுக்கு அளிக்கிறது. வந்து போகும் பயணிக்கும் வந்து குடியேறியவருக்கும் நடுவில் உள்ள இந்த எல்லைக்கோட்டை விற்பனைத் தளங்கள் ஒரு சொல்லாலும் தொடுவதில்லை. தொட்டால் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அங்கேயே விலகிவிடுவார்கள்.

அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் வெளியே பெற்ற உரிமத்தோடு, குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் ஓட்டலாம். மொத்தத் தங்கல் ஓராண்டைத் தாண்டாது என்று காட்டினால் மட்டும் நீட்டிப்புக் கேட்கலாம். பிரிட்டனில் அப்படிப்பட்ட உரிமத்துக்கு, வசிக்கத் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு மாதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் சுற்றுலா விசாவில் இருக்கும்போது செல்லுபடியான உரிமம், குடியிருப்பு விசா கிடைத்த பிறகு போதாது. உள்ளூர் உரிமம் வேண்டும். ஜப்பான் ஜெனீவா உடன்படிக்கையின்படியான அனுமதியை மட்டுமே ஏற்கிறது. அதுவும் நாட்டில் கால் வைத்த நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டுக்கு. ஓராண்டு முடியும் நேரத்தில் ஒரு வாரம் வெளியே போய்விட்டுத் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பவர்களுக்காகவே அங்கே ஒரு விதி இருக்கிறது: பதிவுபெற்ற குடியிருப்பாளர் வெளியே போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால் பழைய கணக்கே தொடரும்.

எனக்கு உண்மை தெரிய வந்தது காவலரிடம் அல்ல, காப்பீட்டு நிறுவனத்தில். பழைய கார் ஒன்றை வாங்க முன்பணம் கொடுத்துவிட்டு, காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பெருமையாக அந்தச் சாம்பல் நிறப் புத்தகத்தின் நகலையும் இணைத்தேன். பதில் எழுதிய பெண் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறிப்பிடவில்லை. மூல உரிமம் எப்போது வழங்கப்பட்டது, இந்த நாட்டில் எந்தத் தேதியில் வசிப்பிடம் பதிவு செய்தீர்கள் என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டார். நான் தேதிகளை எழுதி அனுப்பினேன். வெளிநாட்டு உரிமத்தோடு ஓட்டுவதற்கான என் காலம் முடிந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது என்றும், உள்ளூர் உரிமம் கிடைக்கும்வரை காப்பீடு தர இயலாது என்றும் மறுநாள் பதில் வந்தது. அந்த ஐந்து வாரத்தில் நண்பரின் காரை நான் ஆறேழு முறை ஓட்டியிருக்கிறேன். ஒரு முறை அவருடைய குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்தும் வந்திருக்கிறேன். பதினான்கு ஆண்டு அனுபவமுள்ள ஓட்டுநர் என்ற நினைப்பில் இருந்த நான், சட்டத்தின் பார்வையில் உரிமமே இல்லாதவனாக அந்தத் தெருக்களில் போயிருக்கிறேன்.

இதுதான் இந்தப் பொருளின் ஆபத்து என்று கருதுகிறேன். அது வெறும் பயனற்ற பொருளாக இருந்தால் பரவாயில்லை. ‘நம்மிடம் ஏதோ ஒன்று இருக்கிறது’ என்ற துணிச்சலைத் தருகிறது. கையில் எதுவும் இல்லாதவன் ஓட்டுவதற்கு முன் தயங்குவான், யாரையாவது விசாரிப்பான். புத்தகம் வைத்திருப்பவன் விசாரிப்பதில்லை.

அப்படி ஓட்டும்போது பிடிபட்டால் என்ன ஆகும்? பலர் இதை வேக வரம்பை மீறியதைப் போல அபராதம் கட்டிவிட்டு வரும் சங்கதி என்று எண்ணுகிறார்கள். பல நாடுகளில் அது குற்றவியல் குற்றம். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஓட்டும் உரிமை இல்லாமல் ஓட்டியவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. ஜப்பானில் மூன்றாண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். பிரிட்டனில் உரிமத்துக்குப் புறம்பாக ஓட்டியதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் அங்கே உண்மையான அடி இரண்டாவதாகத்தான் விழும். உரிமம் செல்லாதபோது காப்பீடும் பெரும்பாலும் செல்லாமல் போவதால், காப்பீடு இல்லாமல் ஓட்டிய குற்றமும் கூடவே சேர்கிறது. அதற்கு அந்த இடத்திலேயே 300 பவுண்டு அபராதமும், ஓட்டுநர் கணக்கில் தவறுக்காகப் பதியப்படும் தண்டப் புள்ளிகள் ஆறும் விதிக்கலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது, ஓட்டத் தடையும் விதிக்கப்படலாம். காரையும் காவல்துறை அங்கேயே கைப்பற்ற முடியும்.

காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறைத்தண்டனை என்ற சொல் பயமுறுத்தினாலும், நடைமுறையில் குடும்பங்களை முடக்கிப்போடுவது இந்தப் பணக்கணக்குதான். கட்டாயக் காப்பீடு உள்ள நாடுகளில், விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிடுவது வழக்கம். அடிபட்டவர், ஓட்டுநரின் தவறுக்காகத் தவிக்கக் கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். கொடுத்த பிறகு நிறுவனம் ஓட்டுநர் பக்கம் திரும்பும். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் ஓட்டியவரிடமிருந்து இப்படித் திரும்பப் பெறும் தொகைக்கு 5,000 யூரோ என்று உச்சவரம்பு உண்டு. அப்படி வரம்பு வைக்காத இடங்களில், ஒருவருடைய முதுகெலும்பு முறிந்ததற்கான மருத்துவச் செலவும், வாழ்நாள் வருமான இழப்பும் ஓட்டியவர் பெயரில் கடனாக நிற்கக்கூடும். நம் சொந்தக் காருக்கு ஏற்பட்ட சேதத்துக்கோ காப்பீட்டிலிருந்து ஒரு காசும் எதிர்பார்க்க முடியாது. வாடகைக் காராக இருந்தால் கதை இன்னும் சுருக்கம்: செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் மட்டுமே ஓட்டலாம் என்ற நிபந்தனையில் கையெழுத்துப் போட்டிருப்போம், அதை மீறிய நொடியில், கூடுதல் பணம் கட்டி வாங்கிய பாதுகாப்புத் திட்டம் உட்பட எல்லாம் கைவிட்டுப் போகும்.

காரைக் கொடுத்தவரும் தப்புவதில்லை. ஜெர்மனியில் உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கும் அதே 21-ஆம் பிரிவுதான். ஜப்பானில், உரிமம் இல்லை என்று தெரிந்தே காரைக் கொடுத்தவருக்கு ஓட்டியவருக்கு உள்ள அதே தண்டனை. தெரிந்தே தன்னை அழைத்துச் செல்லும்படி கேட்டு உடன் பயணித்தவருக்கும் இரண்டாண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். என் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவேயில்லை. ‘அண்ணே, சாவியை நான்தானே கொடுத்தேன்’ என்று மட்டும் சொன்னார்.

வெளிநாட்டில் வசிப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு; அந்த நாட்டுக் குடிமகனுக்கு அது கிடையாது. குடிமகன் தண்டனையை அனுபவித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாமோ அடுத்த முறை விசா நீட்டிப்புக்கோ, நிரந்தரக் குடியிருப்புக்கோ, குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது, குற்றத் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு எதிரே உள்ள கட்டத்தில் உண்மையை எழுத வேண்டியிருக்கும். எழுதினால் நன்னடத்தை ஆய்வில் அது எடைபோடப்படும். மறைத்தால், மறைத்த குற்றம் ஓட்டிய குற்றத்தைவிடப் பெரிதாகிவிடும். கடைக்குப் போய்வர எடுத்த கார், பத்தாண்டு உழைத்துச் சேர்த்த குடியிருப்பு உரிமையைத் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறது என்பதை நான் இதற்கு முன் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

திரும்பவும் தளத்துக்கு வருகிறேன். பணத்தைத் திரும்பக் கேட்க அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தைத் திறந்தபோதுதான் முழுதாகப் படித்தேன். முகப்புப் பக்கத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏற்கப்படும் என்று பெரிய எழுத்தில் சொன்னவர்கள், விதிமுறைகளின் நடுவே, இது அரசு ஆவணம் அல்ல, ஓட்டும் உரிமை எதையும் தராது, மொழிபெயர்ப்பு மட்டுமே என்று சிறிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். சட்டத்தில் தப்பித்துக்கொள்ள அவர்களுக்கு அது போதும். என்னைக் காப்பாற்ற அது போதாது. உரையாடல் வழி உதவிக்கு வந்தவர், ஒருவேளை இயந்திரமாகவும் இருக்கலாம், மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, அச்சிட்டு அனுப்பிய பிறகு பணம் திரும்பக் கிடைக்காது என்றார். வங்கி அட்டை நிறுவனத்திடம் முறையிட்டதில் பாதித் தொகை கிடைத்தது. பணத்தைவிட என்னை உறுத்துவது, என் கடவுச்சீட்டு, உரிமம், புகைப்படம், கையெழுத்து நான்கும் ஒரே உறையில் போட்டது போல அவர்களிடம் இருப்பது. ஒருவருடைய பெயரில் கடன் வாங்க இதைவிட அதிகம் தேவைப்படாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? குறுகிய காலப் பயணமாக இருந்தால், கிளம்புவதற்கு முன் சொந்த நாட்டின் உரிம அலுவலகத்திலேயே உண்மையான அனுமதியை வாங்கிக்கொள்வது போதும். அதற்கு ஆகும் கட்டணம் நான் இந்தத் தளத்துக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான். போகும் நாடு எந்த உடன்படிக்கையை ஏற்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூல உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும், அது இல்லாமல் அனுமதி வெறும் தாள். குடியேறுபவராக இருந்தால், வசிப்பிடம் பதிவு செய்த வாரத்திலேயே உரிமத்தை மாற்றிக்கொள்ளும் வழியைத் தொடங்குவது நல்லது. சில நாட்டு உரிமங்களைத் தேர்வில்லாமல் மாற்றித் தருவார்கள். மற்றவற்றுக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போய் அவசரமாக ஓர் உரிமம் எடுத்து வந்து மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் எடுபடாது. ஜப்பானில், உரிமம் பெற்ற பிறகு அதை வழங்கிய நாட்டில் மொத்தம் மூன்று மாதமாவது இருந்ததற்குச் சான்று கேட்பார்கள். ஜெர்மனியில், அங்கே வசித்துக்கொண்டே வெளியே போய் எடுத்து வந்த உரிமத்தைப் பொதுவாக ஏற்பதில்லை.

நான் கடைசியில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அந்தப் பள்ளிக்குத் தனியே ஒரு மதிப்புரை எழுதலாம். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதல் வகுப்பில் ஆசிரியர் என்னை ஓட்டச் சொல்லிப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கார் ஓட்டத் தெரிகிறது, ஆனால் தேர்வில் தேற மாட்டீர்கள் என்றார். தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் நம்பித் தடம் மாறுவதும், மிதிவண்டிப் பாதையைக் கவனிக்காமல் திரும்புவதும், யாருக்கு முன்னுரிமை என்று தெரியாத சந்திப்பில் முதலில் நுழைந்துவிடுவதும் என் பதினான்கு ஆண்டு அனுபவத்தில் ஊறிப்போன பழக்கங்கள். அவர் சொன்னபடியே முதல் தேர்வில் தோற்றேன். மிதிவண்டிப் பாதைதான் காரணம். நண்பரின் குழந்தைகளை அழைத்து வந்த அந்த மாலையில் அதே மாதிரிச் சந்திப்புகள் இரண்டைக் கடந்திருந்தேன்.

இரண்டாவது முறை தேறினேன். உரிமம் வந்த பிறகு காப்பீடும் கிடைத்தது. என் ஆவணங்களை அழித்துவிடும்படி அந்தத் தளத்துக்கு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை. மூன்றாண்டுப் புத்தகத்தைப் பத்தாண்டுக்கு உயர்த்திக்கொண்டால் தள்ளுபடி உண்டு என்ற மின்னஞ்சல் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வருகிறது.